ஜெர்மனியில் முதல் குளிர்காலமா? அறையில் பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் முறை

கெம்னிட்ஸில் படிக்க வந்த முதல் டிசம்பர். அலமாரிக்குப் பின்னால் விழுந்த சார்ஜரை எடுக்கக் குனிந்தேன். சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகப் பூசணம். ஊரிலிருந்து கொண்டுவந்த சட்டைகளிலும் அதே வாடை. மூன்று மாத வாடகையை டெபாசிட்டாகக் கொடுத்திருந்தேன். அது போய்விடுமோ என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை. பிப்ரவரிக்குள் எல்லாம் சரியானது. செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

1. முதலில் ஈரமானி ஒன்று வாங்குங்கள். சுமார் 10 யூரோதான். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். என் அறையில் 74 காட்டியது.

2. ஹீட்டர் குமிழை 3-இல் வையுங்கள். 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. ஒவ்வோர் எண்ணுக்கும் சுமார் 4 டிகிரி கூடும். 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகும் என்பது தவறு, 28 டிகிரி வரை போகும், அவ்வளவுதான். வகுப்புக்குப் போகும்போது 2 போதும். முழுவதும் அணைத்தால் சுவர் குளிர்ந்துவிடும்.

3. இனி ஜன்னல். நான் தவறு செய்த இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். இங்கே ஜன்னல் கைப்பிடி கீழ்நோக்கி இருந்தால் மூடியது, கிடையாக இருந்தால் முழுதாகத் திறக்கும், மேல்நோக்கி இருந்தால் மேற்பகுதி மட்டும் சாயும். குளிருக்குப் பயந்து நாள் முழுக்கச் சாய்த்தே வைத்திருந்தேன். அதனால் காற்று சரியாக மாறவில்லை. ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் மட்டும் சில்லிட்டது. 20 டிகிரி அறையில் 60 சதவீத ஈரம் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்த இடத்திலும் நீர் கோத்துக்கொள்ளும். பூசணத்துக்கு அது போதும்.

சரியான முறையை இங்கே ஷ்டோஸ்லுஃப்டன் என்கிறார்கள். ஹீட்டரைக் குறைத்துவிட்டு ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். எதிர்ப்பக்க ஜன்னலும் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் மூடி, ஹீட்டரைப் பழைய எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. சுவரும் மேசையும் சூட்டை வைத்திருப்பதால் அறை சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும். காலையில் எழுந்தவுடன் ஒரு முறை கட்டாயம். இரவு முழுக்க நாம் விட்ட மூச்சும் ஈரம்தான்.

4. சோறு வடித்தாலும் இட்லி அவித்தாலும் சமையலறைக் கதவை மூடிக்கொண்டு அங்குள்ள ஜன்னலைத் திறங்கள். துணியை அறையில் காயப் போடுவதுதான் பெரிய குற்றவாளி. விடுதியில் உலர்த்தும் இயந்திரம் இருந்தால் காசு போனாலும் அதையே பயன்படுத்துங்கள்.

5. அலமாரியை வெளிச்சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் நகர்த்துங்கள்.

6. பூசணம் ஏற்கெனவே வந்துவிட்டதா? படம் எடுத்து வீட்டுக்காரருக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். குறையைக் கண்டதும் சொல்வது இங்கே வாடகைக்கு இருப்பவரின் சட்டப்படியான கடமை. மறைத்தால் நமக்குத்தான் நஷ்டம். சிறிய திட்டு என்றால் 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்யுங்கள். வினிகர் வேண்டாம், சுண்ணாம்புப் பூச்சில் அது பலிக்காது. குளோரின் ஸ்ப்ரேயும் எனக்குப் பிடிக்காது, படுக்கும் அறையில் அந்த நெடி ஆகாது.

பிற்சேர்க்கை: இதைப் படித்த இருவர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பனி கொட்டும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வராதா? வராது. 0 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம். வெளிக்காற்று உள்ளே வந்து சூடானதும் அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். பனி நாளில் திறந்துவிட்டு ஈரமானியைப் பாருங்கள், எண் இறங்குவது கண்ணெதிரே தெரியும்.

இன்னொருவர் திறந்தபோது ஹீட்டரைக் குறைக்க மறந்திருக்கிறார். குளிர்காற்று பட்டதும் குமிழ் தானாகவே வால்வை முழுதாகத் திறந்துவிடும், சூடெல்லாம் வெளியே போகும். அதனால் முதலில் குமிழ், பிறகு ஜன்னல்.