தியேட்டர் ஆர்கனில் கைவைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் பழைய சினிமா அரங்குகளில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும் பைப் ஆர்கன்களில் (காற்றால் குழாய்களைப் பாடவைக்கும் வாத்தியம்; சினிமா அரங்கில் இருப்பது தியேட்டர் ஆர்கன்) பலவற்றைத் தன்னார்வலர்கள்தான் பராமரிக்கிறார்கள். அப்படி ஒரு குழுவில் நானும் சனிக்கிழமைகளில் வேலை செய்கிறேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஆர்வம் உள்ளவர்கள். ஆனாலும் பழைய ஆட்கள் நாங்கள் ஆரம்பத்தில் எங்கெங்கே தடுக்கி விழுந்தோமோ அங்கேயே அவர்களும் விழுகிறார்கள். குழாயை வெறுங்கையால் பிடிக்காதே, காற்றுக்குழலின் மேல் ஏறி நிற்காதே என்பதெல்லாம் முதல் நாளே சொல்லித்தந்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லித்தராதவை சில இருக்கின்றன.

சர்ச் ஆர்கன் என்று நினைத்து டேப்களை அடுக்குவது

சர்ச் ஆர்கனில் பழகியவர்கள் கன்சோல் (கட்டைகள் உள்ள வாசிக்கும் மேசை) முன்னால் உட்கார்ந்ததும் 16 அடி, 8 அடி, 4 அடி, 2 அடி என்று வரிசையாக டேப்களை, அதாவது எந்தக் குரல் ஒலிக்கவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சின்னப் பலகைகளை, தட்டிவிடுவார்கள். அடி என்பது குழாயின் நீளம்; அது பாதியானால் ஒலி ஒரு ஸ்தாயி ஏறும். அங்கே அது சரி. பொதுவாக அங்கே ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் (தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு குரலுக்கும்) தனிக் குழாய் வரிசை உண்டு. நாலு ஸ்டாப் போட்டால் நாலு வரிசை பாடும்.

தியேட்டர் ஆர்கனின் அடிப்படையே வேறு. இதற்கு வழிபோட்டவர் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ். இங்கிலாந்தில் டெலிபோன் கம்பெனி ஒன்றில் மின்பொறியாளராக இருந்தவர். கட்டைக்கும் குழாய்க்கும் நடுவில் கம்பியும் நெம்புகோலும் எதற்கு, மின்சாரம் போதுமே என்று ஆர்கன் பக்கம் வந்தார். 1903-ல் அமெரிக்கா போனார். சொந்தக் கம்பெனி நடத்திப் பணமுடையில் மாட்டிக்கொண்டார். 1910-ல் நியூயார்க் மாநிலத்தின் நார்த் டொனவாண்டாவில் இருந்த வுர்லிட்சர் கம்பெனி அவருடைய தொழிலை வாங்கிக்கொண்டது. அங்கும் ஒத்துப்போகவில்லை. 1914-ல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய கருத்துகளை வைத்து வுர்லிட்சர் 2,200-க்கும் மேற்பட்ட தியேட்டர் ஆர்கன்களைச் செய்து விற்றது.

மின்சாரம் வந்ததும் ஒரு குழாயை எந்தக் கட்டையிலிருந்தும் அழைக்க முடிந்தது. 97 குழாய்கள் உள்ள ஒரு டிபியா (புல்லாங்குழல் மாதிரிக் குரல்) வரிசை போதும்: 61 கட்டைகள் கொண்ட கைப்பலகையில் 16 அடியாகவும் 8 அடியாகவும் 4 அடியாகவும் 2 அடியாகவும் அதே வரிசை வேலை செய்யும். கன்சோலில் நான்கு டேப் இருக்கும், மேலே குழாய்கள் நிற்கும் அறையில் ஒரே வரிசைதான் இருக்கும்.

இப்போது டிபியா 8 அடியையும் 4 அடியையும் போட்டு, ஒரு கட்டையையும் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள கட்டையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கீழ்க்கட்டை 4 அடி டேப் வழியாகக் கேட்கும் குழாயும் மேல்கட்டை 8 அடி டேப் வழியாகக் கேட்கும் குழாயும் ஒன்றே. ஒரு குழாய் ஒரு தடவைதான் ஒலிக்கும். நான்கு குரல் வரவேண்டிய இடத்தில் மூன்றுதான் வரும். விரல் நகர நகர இந்த ஓட்டை இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆர்கன் பழுது, சில நோட்டு போகவில்லை என்று புதியவர்கள் புகார் எழுதுவது பெரும்பாலும் இதனால்தான். டிபியா 8 அடி, அதன் மேல் ஸ்ட்ரிங் (வயலின் மாதிரிக் குரல்) 4 அடி, வாக்ஸ் ஹ்யூமனா (மனிதக் குரல் மாதிரி) 8 அடி என்று வெவ்வேறு வரிசைகளிலிருந்து எடுத்துச் சேர்த்தால் ஓட்டை மறைந்துவிடும்.

"மொத்தம் எத்தனை குழாய்?" என்று ஆரம்பிப்பது

வரிசை எத்தனை, அரங்கு எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் 1932-ல் வந்த வுர்லிட்சருக்கு 58 வரிசை, மேடையின் இரு பக்கமும் ஒவ்வொரு கன்சோல். அந்தக் கம்பெனி செய்ததில் மிகப் பெரியது அதுதான். ஆனால் அதற்கு முன்பே, 1926-ல் திறந்த நியூயார்க் பாரமவுண்ட் தியேட்டரில் ஜெஸ்ஸி கிராஃபோர்ட் வாசித்த ஆர்கனுக்கு 36 வரிசைதான். டெட்ராய்ட், செயின்ட் லூயிஸ், புரூக்ளின், சான் பிரான்சிஸ்கோ ஃபாக்ஸ் தியேட்டர்களுக்கும் அதே 36 வரிசை அளவில்தான் செய்து அனுப்பினார்கள். இங்கிலாந்தின் பிளாக்பூல் டவர் நடனக்கூடத்தில் இருப்பது வெறும் 14 வரிசை. ரெஜினால்ட் டிக்சன் அங்கே 1930 முதல் 1970 வரை வாசித்தார். அந்த ஊரின் ஒலி என்றே அது பெயர் வாங்கியது.

அட்லாண்டிக் சிட்டி போர்டுவாக் ஹாலில் உள்ள 33,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் கொண்ட ஆர்கனை தியேட்டர் ஆர்கன் கணக்கில் சேர்ப்பதும் தவறு. அது கச்சேரி ஆர்கன். அதே கட்டடத்தின் நடனக்கூடத்தில் கிம்பால் கம்பெனி செய்த 55 வரிசை ஆர்கன் ஒன்று இருக்கிறது, அதுதான் தியேட்டர் ஆர்கன்.

அளவு மோகம் பேச்சோடு நின்றால் பரவாயில்லை. "நம்மதுக்கும் இன்னும் ரெண்டு வரிசை சேர்த்துடலாமே" என்று ஆரம்பிக்கும்போதுதான் ஆபத்து. காற்றை ஊதும் புளோயர் எவ்வளவு காற்றுத் தரும், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் எவ்வளவு தாங்கும், அறையில் ஆள் நுழைந்து சுருதி சேர்க்க இடம் இருக்குமா என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் தொழிற்சாலையில் அமைத்திருக்கிறார்கள். நெருக்கி அடைத்த அறையில் புதிய வரிசையும் பாடாது, பழையதும் கெடும்.

தோலை வெள்ளைப் பசையால் ஒட்டுவது

இதை நினைத்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். குழாய்கள் ஒரு காற்றுப்பெட்டியின் மேல் நிற்கின்றன. பெட்டிக்குள் எப்போதும் அழுத்தத்தில் காற்று நிரம்பியிருக்கும். பல சர்ச் ஆர்கன்களில் இந்த அழுத்தம் தண்ணீர் மானியில் (காற்று தண்ணீரை எவ்வளவு உயரம் தள்ளுகிறது என்று காட்டும் கருவி) 3, 4 அங்குலம், தியேட்டர் ஆர்கனில் சாதாரணமாகவே 10 அங்குலம், சில வரிசைகளுக்கு அதற்கும் மேல். கட்டையை அழுத்தியதும் பெட்டியின் அடியில் ஒரு காந்தம் இழுக்கும். அது ஒரு சின்னத் துருத்தியில் இருக்கும் காற்றை வெளியே விடும். சுற்றிலும் உள்ள அழுத்தத்தில் அந்தத் துருத்தி சப்பிப்போகும். அது சப்பியதும் அடுத்த, கொஞ்சம் பெரிய துருத்தி சப்பும். அது குழாயின் அடியில் உள்ள வால்வை இழுத்துத் திறக்கும். குழாய் பாடும். எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

துருத்தி என்பது சிறு மரத்துண்டுகளைச் சுற்றி மெல்லிய ஆட்டுக்குட்டித் தோல் ஒட்டியது. ஒரு நோட்டுக்கு இரண்டு. 73 குழாய் வரிசைக்கு 146. பத்து வரிசை ஆர்கன் என்றால் ஆயிரத்தை எளிதாகத் தாண்டும். 1920-களில் ஒட்டிய தோல் பல அரங்குகளில் ஐம்பது, அறுபது வருடம் உழைத்திருக்கிறது. பிறகு பொடிந்துபோகும். நோட்டு ஊமையாகும், இல்லாவிட்டால் தாமதமாக வரும். அப்போது பெட்டியைக் கீழே இறக்கி, பழைய தோலை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டவேண்டும். ஆர்கன் எவ்வளவு நல்லதானாலும் இந்த வேலை அதன் ஆயுளில் திரும்பத் திரும்ப வரும். இதைத் தெரிந்துதான் அந்தக் காலத்தில் அதை வடிவமைத்தார்கள். அதனால்தான் ஒட்டுவதற்கு விலங்குத்தோலைக் காய்ச்சிய பசையைப் பயன்படுத்தினார்கள். நம் ஊர் ஆசாரிகள் ஒருகாலத்தில் மரவேலைக்குப் பயன்படுத்திய அதே வஜ்ஜிரம்தான்.

வஜ்ஜிரத்தின் பெரிய குணம், வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் வைத்தால் விட்டுவிடும். பழைய தோலை அப்படியே உரித்து எடுக்கலாம். கீழே மரம் சுத்தமாக இருக்கும், தொழிற்சாலையில் பென்சிலால் போட்ட குறிகூட அழியாமல் தெரியும். அதே மரத்தில் மறுபடி வஜ்ஜிரம் தடவினால் புதிய தோல் கப்பென்று பிடித்துக்கொள்ளும்.

புதியவர்களுக்கு வஜ்ஜிரம் பிடிப்பதில்லை. வாடை அடிக்கும். குருணையைத் தண்ணீரில் ஊறவைத்து, 60, 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் சூடாக்கவேண்டும். கொதிக்கவிட்டால் பிடிப்புப் போய்விடும். தடவிய சில நொடிகளில் உறைய ஆரம்பிக்கும், கை வேகமாக ஓடவேண்டும். கடையில் டப்பாவில் கிடைக்கும் வெள்ளைப் பசையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எங்கள் குழுவில் சேர்ந்த தமிழ் மாணவர் ஒருவர், "அண்ணா, அது இதைவிட ஸ்ட்ராங்தானே?" என்று கேட்டார். ஆமாம், ஸ்ட்ராங்தான். தோல் கிழிந்தாலும் பசை விடாது. அதுதான் தொல்லையே.

ஒருமுறை காற்றுப்பெட்டி ஒன்றைத் திறந்தோம். எங்களுக்கு முன்னால் யாரோ காசு வாங்கிக்கொண்டு அதற்குத் தோல் மாற்றியிருந்தார்கள். மட்டமான தோல், சீக்கிரமே பொடிந்துவிட்டது. சரி, உரித்துவிட்டு மாற்றிவிடலாம் என்று ஈரத்துணியை வைத்தோம். தோல் மாவாக உதிர்ந்தது, பசை மட்டும் பிளாஸ்டிக் மாதிரி மரத்தோடு நின்றது. மரத்தின் நார்களுக்குள் இறங்கியிருந்தது. உளியால் சுரண்டினால் மரமும் சேர்ந்து வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பலகையின் தளம் சமமாக இல்லாமல் போனது. தளம் ஏறுமாறானால் காற்று கசியும். மரத்துண்டு மெலிந்தால் வால்வு திறக்கும் தூரம் மாறும், ஒரு நோட்டு சட்டென்று வரும், பக்கத்து நோட்டு சோம்பலாக வரும். மிச்சம் இருக்கும் வெள்ளைப் பசையின் மேல் வஜ்ஜிரமும் பிடிக்காது. கடைசியில் துருத்தியின் மரத்துண்டுகளைப் புதிதாக அறுத்துச் செய்தோம். ஒரு குளிர்காலம் முழுக்க அதிலேயே போனது. வெந்நீரும் துணியும் வைத்து முடித்திருக்க வேண்டிய வேலை. எண்பது வருடம் எந்தக் குறையும் இல்லாமல் இருந்த மரம் குப்பைக்குப் போனது.

தோலுக்குப் பதிலாக ஏதாவது செயற்கைப் பொருள் போட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. 1960, 70-களில் அமெரிக்காவில் சில ஆர்கன் கம்பெனிகள் பாலியூரித்தேன் படலத்தைப் பயன்படுத்தின. சில வருடங்களிலேயே அது விறைத்து வெடித்தது. ஒட்டியிருந்த விதத்தால் அதைப் பிரிக்கவும் படாதபாடு பட்டார்கள்.

எனவே, உங்கள் கையில் ஒரு தோல் துண்டும் ஒரு பசையும் இருந்தால், மீதியாகிப்போன மரத்துண்டில் முதலில் ஒட்டிப் பாருங்கள். நன்றாகக் காயட்டும். அடுத்த வாரம் வெந்நீர்த் துணியை வைத்து உரித்துப் பாருங்கள். வரவில்லை என்றால் அந்தப் பசையை ஆர்கன் அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

கேபிளை வெட்டுவது

கன்சோலிலிருந்து குழாய் அறைக்குப் போகும் கேபிளை, ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டு கட்டாமல் வெட்டவே வெட்டாதீர்கள்.

ட்ரெமுலன்ட் சரியில்லை என்று ரெகுலேட்டர் ஸ்பிரிங்கை மாற்றுவது

தியேட்டர் ஆர்கனின் அந்தக் குழைவு, ட்ரெமுலன்ட் என்ற கருவி காற்றை விட்டுவிட்டுத் திறந்து ரெகுலேட்டரைக் குலுக்குவதால் வருவது. டிபியாவுக்கும் வாக்ஸ் ஹ்யூமனாவுக்கும் அது உயிர். குலுக்கல் போதவில்லை என்று தோன்றினால் புதியவர்கள் முதலில் ஸ்பிரிங்கில் கைவைக்கிறார்கள். ஸ்பிரிங்கை மாற்றினால் அழுத்தம் மாறும். 10 அங்குலத்துக்கு என்று வாயை வெட்டிப் பதப்படுத்திய குழாய் 11-ல் கத்தும், சுருதியும் ஏறும். ரெகுலேட்டரில் கசிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பலசமயம் அதுதான் காரணம். எதைத் தொட்டாலும் முன்னும் பின்னும் தண்ணீர் மானியில் அளந்து எழுதிவையுங்கள்.

மணி, முரசு, குதிரைக் குளம்பு

கன்சோலிலிருந்தே இயக்கும் இந்த ஒலிகளும் பறவைக் குரலும் கார் ஹாரனும் மௌனப் படத்துக்காக வைத்தவை. படம் ஓடாதபோது அவற்றைத் தொடவேண்டாம்.

"பேசும் படம் வந்தது, ஆர்கன் போனது" என்று சொல்லித்திரிவது

அரங்கைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் இதைத்தான் ஒப்பிக்கிறார்கள். பேசும் படம் 1927 அக்டோபரில் பெரிதாகக் கிளம்பியது உண்மை. ஆனால் டெட்ராய்ட் ஃபாக்ஸ் 1928-லும் செயின்ட் லூயிஸ் ஃபாக்ஸ் 1929-லும் திறந்தன. இரண்டிலும் அந்த 36 வரிசை ஆர்கன்கள் இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன. ரேடியோ சிட்டி அதற்கும் பிறகு. அமெரிக்காவில் ஆர்டர்கள் நின்றதற்கு 1929-ல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சிக்கும் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்திலோ 1930-கள் முழுக்கப் புதிய ஆர்கன்கள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு படங்களுக்கு நடுவே இடைவேளை இசைக்காக, உள்ளே விளக்கெரியும் கண்ணாடிக் கன்சோல்களோடு காம்ப்டன் கம்பெனி ஏராளமாகச் செய்தது.

பல ஆர்கன்கள் அரங்கோடு அழியவும் இல்லை. பாரமவுண்ட் ஆர்கன் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவுக்குப் போனது. சான் பிரான்சிஸ்கோ ஃபாக்ஸை 1963-ல் இடித்தார்கள். அதன் ஆர்கன் இப்போது ஹாலிவுட் எல் கேப்பிட்டன் தியேட்டரில் பாடுகிறது.

குளிரில் சுருதி சேர்ப்பது

அரங்கு காலியாக இருக்கிறது, யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்று விடியற்காலையில் போய்ச் சுருதி சேர்ப்பார்கள். அப்போது ஹீட்டர் ஓடியிருக்காது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சாதாரணக் குழாயின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் (சென்ட் என்பது அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறும். மாலையில் கூட்டம் வந்து அரங்கு ஐந்து டிகிரி கூடினால் 15 சென்ட், யார் காதுக்கும் கேட்கும். நாக்கு வைத்த ரீட் குழாய்கள் அந்த அளவுக்கு நகராது. அதனால் ரீட் இறங்கிவிட்டதுபோலத் தோன்றும். புதியவர் ஓடிப்போய் ரீட்டை ஏற்றிவைப்பார். மறுநாள் காலை அது உயரத்தில் நிற்கும், மறுபடி இறக்குவார். இப்படியே தட்டித் தட்டிச் சுருதிக் கம்பி தளர்ந்துபோகும்.

கச்சேரி நேரத்து வெப்பத்துக்கு அரங்கையும் ஆர்கன் அறையையும் கொண்டுவாருங்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஷட்டர் பலகைகளைத் திறந்துவையுங்கள். ட்ரெமுலன்ட்டை நிறுத்துங்கள். சாதாரணக் குழாய்கள் எங்கே நிற்கின்றனவோ அந்த இடத்துக்கு ரீட்டைக் கொண்டுபோங்கள். அறைக்குள் உங்கள் உடம்புச் சூடே பக்கத்துக் குழாயை நகர்த்தும், அதனால் வேலையை முடித்ததும் தள்ளி நின்று கேளுங்கள்.