மதிப்பாய்வாளரின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எப்படி?

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ இருந்து ஆய்வுச் சஞ்சிகைக்கு முதல் கட்டுரையை அனுப்புகிறவர்களுக்கு, அதை வாசித்துக் குறை நிறை சொல்லும் துறைசார் மதிப்பாய்வாளரை நினைத்துத்தான் பயம். ஆனால் பல கட்டுரைகள் அவர் கைக்கே போவதில்லை. பொருள் சஞ்சிகைக்குப் பொருந்துமா, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது, மனிதரிடம் செய்த ஆய்வானால் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இலக்கம் உண்டா என்று பதிப்பாசிரியர் முதலில் பார்ப்பார். அதில் தவறினால் அங்கிருந்தே திரும்பிவிடும்.

எழுதியவர், மதிப்பாய்வாளர் என்ற இரு தரப்புப் பெயரும் மறைக்கும் சஞ்சிகையானால் முதற்பக்கத்துப் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. நன்றியுரை, ‘எமது முந்தைய ஆய்வில்’ போன்ற தொடர்கள், வேர்ட் கோப்பின் பண்புகளில் பதிந்திருக்கும் பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள்.

வழக்கமாக இரண்டு அல்லது மூன்று மதிப்பாய்வாளர்கள் வாசிப்பார்கள். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. அழைத்தவர்களில் பலர் மறுப்பதால் மாதக்கணக்கில் இழுபடும். மூன்று மாதம் கழிந்தால் ஒரு பணிவான மின்னஞ்சல் அனுப்பலாம்.

‘பெருந்திருத்தம்’, அதாவது நிறையத் திருத்தி மீண்டும் அனுப்புங்கள் என்று முடிவு வந்தால் மனம் தளரவேண்டாம், கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே பிரதிசெய்து, இலக்கமிட்டு, கீழே பதிலையும் திருத்திய வரியையும் பக்க, வரி எண்ணோடு எழுதுங்கள். ‘திருத்திவிட்டோம்’ என்று மட்டும் எழுதினால் மதிப்பாய்வாளர் தேடிக் களைத்து எரிச்சலடைவார்.

மட்டக்களப்பு வாவியின் உப்புத்தன்மையை அளந்த கட்டுரை என்று வையுங்கள். ‘மாதத்துக்கு மாதம் ஏன் இவ்வளவு வேறுபாடு?’ என்று வெளிநாட்டு மதிப்பாய்வாளர் கேட்கிறார். வடகீழ்ப் பருவமழை வெள்ளமும் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறப்பதும் மூடுவதும் உப்பை மாற்றுவது நமக்குத் தெரிந்த சங்கதி, அவருக்குத் தெரியாது. விளக்கத்தைப் பதில் கடிதத்தில் மட்டும் எழுதி விடாதீர்கள். கட்டுரையின் ஆய்வுப் பரப்புப் பகுதியிலும் மாதிரி எடுத்த திகதிகளோடு சேருங்கள், வாசகருக்கும் அதே சந்தேகம் வரும். ஒரு பருவத் தரவுதான் கையில் உண்டென்றால் அதை ஆய்வின் மட்டுப்பாடாக ஒத்துக்கொண்டு, முடிவுரையின் வீச்சைக் குறையுங்கள். இல்லாத தரவுக்கு வாதாடுவது வீண்.

உடன்படாத இடத்தில் மறுக்கலாம். சான்று காட்டி மறுக்கவேண்டும். இரு மதிப்பாய்வாளரும் முரண்பட்டால் ஒரு வழியைத் தெரிவுசெய்து, காரணத்தைப் பதிப்பாசிரியருக்கு எழுதுங்கள். திருத்தி அனுப்பத் தந்த தவணை போதாதென்றால் முடியுமுன்னே கேளுங்கள். பிந்தினால் புதிய கட்டுரையாகவே சிலர் எடுப்பார்கள்.

நிராகரித்தாலும் திருத்தாமல் அடுத்த சஞ்சிகைக்கு அனுப்பாதீர்கள். துறை சிறிது, அதே மதிப்பாய்வாளரிடமே போய்ச் சேரக்கூடும்.