நினைவு நொதிகள் மூளையில் எங்கே? வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம்

நினைவு பதிய உதவும் நொதிகள், அதாவது செல்லுக்குள் வேலைகளை முடுக்கிவிடும் புரதங்கள், மூளையில் எங்கே இருக்கின்றன என்று தேட ஆய்வகம் வேண்டாம். ஒரு லேப்டாப்பும் அரை மணி நேரமும் போதும். அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள ஆலன் மூளை ஆய்வு நிறுவனம், 56 நாள் வயதான சுண்டெலிகளின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, சுமார் 20,000 ஜீன்கள் எங்கெங்கே வேலை செய்கின்றன என்று படமெடுத்து வைத்திருக்கிறது. 2006-லேயே முடிந்த வேலை. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

படி 1: நொதியை முடிவு செய்யுங்கள்

முதல் முறை என்றால் கேம்-கைனேஸ் 2 என்ற நொதியை எடுங்கள். இரண்டு நரம்புச் செல்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸுக்குள் கால்சியம் நுழைந்ததும் கால்மோடுலின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு வந்து இந்த நொதியை எழுப்பும். எழுந்த நொதி மற்ற புரதங்களுக்குப் பாஸ்பேட் ஒட்டும், தனக்கும் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய பிறகு கால்சியம் வடிந்தாலும் முழுதாக ஓயாது. கையை எடுத்த பிறகும் அடித்துக்கொண்டே இருக்கும் காலிங் பெல் மாதிரி. இதன் ஆல்பா வடிவம் இல்லாத சுண்டெலிகள், தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும் மேடையைத் தேடிக் கண்டுபிடிக்கத் தடுமாறின என்று 1992-ல் காட்டினார்கள்.

'நினைவு மூலக்கூறு' என்று கொண்டாடப்பட்ட இன்னொரு நொதியான பிகேஎம்-சீட்டாவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது இல்லாத சுண்டெலிகளுக்கும் நினைவு நன்றாகவே இருந்ததாக 2013-ல் ஆய்வுகள் வந்தன. அந்த விவாதம் பெரியது.

படி 2: தேடுங்கள்

'ஆலன் மவுஸ் பிரெயின் அட்லஸ்' தளத்தின் தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில் சி, ஏ, எம், கே, 2, ஏ என்று சேர்த்து அடியுங்கள். நொதியின் பெயரை அல்ல, ஜீனின் பெயரைத்தான் அடிக்க வேண்டும். முடிவுகளில் 'சாஜிட்டல்' என்பதைத் திறங்கள். மூக்குப் பக்கத்திலிருந்து பின்மண்டை வரை நெடுக வெட்டிய படம் அது; மூளை மொத்தமும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

படி 3: படத்தைப் படியுங்கள்

கருநீலமாக இருக்கும் இடத்தில் ஜீன் வேலை செய்கிறது. மூளையின் மேலடுக்கான புறணிக்குக் கீழே, ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு கொக்கிகள் போலத் தெரிவதுதான் ஹிப்போகாம்பஸ், நினைவு பதிய முக்கியமான பகுதி. அது கன்னங்கரேல் என்றிருக்கும். புறணியிலும் சாயம் அடர்த்திதான். சிறுமூளை பெரும்பாலும் வெளிறிக் கிடக்கும். அங்கே இதே நொதியின் பீட்டா வடிவத்துக்குத்தான் ஆதிக்கம்; நீங்கள் தேடியது ஆல்பா வடிவத்தின் ஜீன்.

வண்ணப் படமாகவும் பார்க்கலாம்: நீலம் குறைவு, சிவப்பு அதிகம். ஆனால் ஒரு ஜீனின் சிவப்பை இன்னொன்றின் சிவப்போடு வைத்து அளவு பேசாதீர்கள்.

படி 4: இன்னொன்றோடு ஒப்பிடுங்கள்

பி, ஆர், கே, சி, ஜி என்று அடித்தால் பிகேசி-காமா என்ற இன்னொரு நொதியின் ஜீன் வரும். ஹிப்போகாம்பஸோடு சிறுமூளையில் வரிசையாக நிற்கும் பர்கின்ஜி என்ற பெரிய நரம்புச் செல்களும் பளிச்சென்று தெரியும். மனிதரில் இந்த ஜீன் பழுதானால் நடை தள்ளாடும் நோய் வருவது ஏன் என்பதற்கு அந்த வரிசையே துப்பு: நடையைச் சீராக வைப்பதில் சிறுமூளைக்குப் பங்கு உண்டு.

படி 5: இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்

நீங்கள் பார்க்கும் சாயம் நொதி அல்ல. நொதியைச் செய்யச் சொல்லும் எம்-ஆர்.என்.ஏ. அது வழக்கமாகச் செல்லின் உடலிலேயே தங்கிவிடும். நொதியோ அந்த நரம்புச் செல்லின் கிளைகளில், சினாப்ஸில் குவிந்திருக்கலாம். புரதத்தையே பார்க்க வேண்டுமென்றால் 'ஹியூமன் புரோட்டீன் அட்லஸ்' பக்கம் போங்கள்; அங்கே ஆன்டிபாடியால் சாயமேற்றிய மனிதத் திசுப் படங்கள் உண்டு.

கேம்-கைனேஸ் இதில் ஒரு விசித்திரப் பிறவி. ஹிப்போகாம்பஸின் சிஏ1 பகுதியை நன்றாகப் பெரிதாக்குங்கள். செல் வரிசையைத் தாண்டியும் மங்கலான நீலப் புகை படர்ந்திருக்கும். இதன் எம்-ஆர்.என்.ஏ, நரம்புச் செல் சேதி வாங்கும் டென்ட்ரைட் கிளைகளுக்குள்ளேயே பயணம் போகிறது; சினாப்ஸுக்குப் பக்கத்திலேயே நொதி தயாராகிறது. முதல் தடவை அந்தப் புகையை நான் படத்தின் அழுக்கு என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன்.