வெர்னியரைக் கையில் கொடுத்தால்: டிப்ளமோ மெக்கானிக்கல் இன்டர்வியூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் உள்ள உதிரிபாகத் தொழிற்சாலைகளில் கோடை வந்துவிட்டால் டிப்ளமோ பிள்ளைகளுக்கான இன்டர்வியூ களைகட்டிவிடும். எச்.ஆரிலிருந்து ஒருவர், புரொடக்‌ஷனிலிருந்து ஒருவர், குவாலிட்டியிலிருந்து நான் என்று மூன்று பேர் உட்காருவோம். வருஷா வருஷம் பிள்ளைகள் மாறுகிறார்கள், தவறுகள் மட்டும் மாறுவதில்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு கேட் கேட்டாக நாங்கள் அலைந்த காலத்தில் செய்த அதே தவறுகள்தான். இன்னுமா இது ஓயவில்லை என்ற அலுப்பில்தான் எழுத உட்கார்ந்தேன்.

தலை வாருவது, ஷூ போடுவது, நேரத்துக்குப் போவது, ஃபோனை அணைப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. வீட்டிலும் சொல்லியிருப்பார்கள், ப்ளேஸ்மென்ட் சாரும் சொல்லியிருப்பார். அதுவும் போக, மழையில் நனைந்து தாமதமாக வந்த பையனையும் நாங்கள் வேலைக்கு எடுத்திருக்கிறோம்.

மனப்பாட அறிமுகம்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்றதும் டேப் ஓடத் தொடங்கிவிடும். அப்பா பெயர், அம்மா பெயர், பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, பலம் கடின உழைப்பு, பலவீனம் "எல்லாரையும் சீக்கிரம் நம்பிவிடுவேன்." இந்தக் கடைசி வரியை யார் எழுதிக்கொடுத்தார்களோ, தமிழ்நாட்டில் உள்ள அத்தனை பாலிடெக்னிக்குக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

உங்கள் அப்பா பெயர் ரெஸ்யூமிலேயே இருக்கிறது. எந்த ஊர், எங்கே படித்தீர்கள், மூன்று வருஷத்தில் எந்த வேலையைக் கையால் செய்து பார்த்தீர்கள், எது பிடித்தது என்று சொன்னால் போதும். தமிழிலேயே சொல்லலாம். ஷாப் ஃப்ளோரில் நாங்கள் பேசுவது தமிழ்தான். டிராயிங் படிக்கவும் மெயில் போடவும் வேண்டிய இங்கிலீஷ் வேலைக்கு வந்தபின் தானாக வந்துவிடும்.

ரெஸ்யூமில் எழுதியதைக் கேட்டால் முழிப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத விஷயம் இது.

ரெஸ்யூம் ஒரு பக்கம். பாதியை முகவரியும் மார்க்கும் எடுத்துக்கொள்ளும். மீதியில் 'ஸ்கில்ஸ்' என்று போட்டு, ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, சிஎன்சி புரோகிராமிங், அளவுக் கருவிகள், 5எஸ், செவன் க்யூசி டூல்ஸ் என்று வரிசை நிற்கும். சீனியர் ஒருவருடைய ரெஸ்யூமை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றியது. ஒரே காலேஜிலிருந்து வந்த நாலு பேர் ரெஸ்யூமில் ஒரே எழுத்துப்பிழை ஒரே இடத்தில் இருந்ததும் உண்டு.

உங்களை எங்களுக்கு முன்பின் தெரியாது. என்ன கேட்கலாம் என்று பார்ப்பதற்கு எங்கள் கையில் இருப்பது அந்த ஒரு தாள்தான். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் 'இதிலிருந்து கேளுங்கள்' என்று நீங்களே எழுதித் தருவது. கேள்வித்தாளை எழுதுகிறவரே தயாரித்துக்கொள்ளும் பரீட்சை வேறு எங்கே நடக்கிறது? அதில் போய்ப் படிக்காத பாடத்தைச் சேர்ப்பானேன்?

எங்கள் மேசையில் மில்லிமீட்டரின் சிறு பங்கு வரை அளக்கும் வெர்னியர் ஒன்று இருக்கும், பக்கத்தில் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கடைந்த ஒரு புஷ், அதாவது சிறு உருளைக் குழாய், இருக்கும். 'அளவுக் கருவிகள் நன்றாகத் தெரியும்' என்று எழுதியிருந்த ஒரு பையனிடம் கேட்டேன்.

"வெர்னியர் லீஸ்ட் கவுண்ட் என்ன?"

"0.02 மி.மீ. சார்."

"மைக்ரோமீட்டருக்கு?"

"0.01 சார்."

பட்டென்று வந்தது. லீஸ்ட் கவுண்ட் என்றால் அந்தக் கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு. சரி என்று புஷ்ஷை நீட்டி, "வெளி விட்டத்தை அளந்து சொல்லுங்க தம்பி" என்றேன். வாங்கினான். தாடைகளை மூடி, பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம் நேராக நிற்கிறதா என்று பார்க்கவில்லை. புஷ்ஷைச் சாய்வாகப் பிடித்துக் கவ்வினான். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணைச் சுருக்கிக் கோடுகளை எண்ணிவிட்டு "24.13 சார்" என்றான்.

0.02 லீஸ்ட் கவுண்ட் உள்ள வெர்னியரில் 24.13 என்று ஓர் அளவு வரவே வராது. கடைசி இலக்கம் இரட்டைப்படையாகத்தான் இருக்கும். மெயின் ஸ்கேலில் 24-ஐத் தாண்டியிருந்தது. வெர்னியர் ஸ்கேலில் 13-ஆவது கோடு மேலே உள்ள கோட்டோடு ஒன்றியிருந்தது. அந்த 13-ஐ 0.02-ஆல் பெருக்க வேண்டும். 0.26 வரும், ஆக அளவு 24.26. அவன் பெருக்காமல் 13-ஐ அப்படியே புள்ளிக்குப் பின்னால் ஒட்டிவிட்டான். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் 0.02 என்று சொன்ன அதே வாய்.

டிராயிங்கில் அந்த விட்டம் 24.30, கூட்டல் கழித்தல் 0.05. அதாவது 24.25 முதல் 24.35 வரை ஓகே. புஷ் நல்ல புஷ். அவன் கணக்குப்படி அது சிவப்புப் பெட்டிக்குப் போகும். நல்லது ரிஜெக்ட் ஆனால் பொருள் நஷ்டத்தோடு போகும். அதே கையால் கெட்டது ஓகே ஆகிக் கஸ்டமரிடம் போய்விட்டால், ராத்திரியோடு ராத்திரியாக அவர்கள் பிளான்ட்டில் போய் நின்று பெட்டி பெட்டியாக அளந்து பிரிக்க வேண்டும். அந்த வேலைக்குப் போய் வந்தவனுக்குத்தான் இந்த எரிச்சல் புரியும்.

வெர்னியர் படிக்கத் தெரியாதது பெரிய குற்றமே இல்லை. பத்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். "லேபில் ரெண்டு தடவைதான் சார் தொட்டிருக்கேன்" என்று சொல்லியிருந்தால் நானே காட்டிக்கொடுத்து, மறுபடி அளக்கச் சொல்லியிருப்பேன். அப்படி மேசையிலேயே கற்றுக்கொண்டு தேறியவர்கள் எங்கள் லைனில் இருக்கிறார்கள். 'நன்றாகத் தெரியும்' என்ற இரண்டு சொல்தான் வினை. அது பொய்யென்று தெரிந்தபின் அந்தத் தாளில் உள்ள மற்ற வரிகளையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்போம். உண்மையிலேயே ஆட்டோகேட் நன்றாகத் தெரிந்திருந்தாலும் அதைக் கேட்கும் ஆர்வம் எங்களுக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும் சிஎன்சி மெஷினும் இப்படித்தான். ஜி00, ஜி01 என்ற இரண்டு கட்டளைகளுக்கும் என்ன வித்தியாசம் என்றால் பலர் சொல்லிவிடுவார்கள். முன்னது மெஷினின் முழு வேகத்தில் டூலை நகர்த்துவது, பின்னது நாம் கொடுத்த ஃபீடில் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போவது. "வெட்ட வேண்டிய வரியில் கைதவறி ஜி00 போட்டுட்டா?" என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். டூல் முழு வேகத்தில் போய் ஜாபில், அதாவது வெட்டப்படும் பொருளில், இடிக்கும். டூலின் வெட்டும் முனையான இன்சர்ட் உடையும், நேரம் சரியில்லையென்றால் மெஷினின் சுழலும் அச்சான ஸ்பிண்டிலுக்கே சேதம் வரும். ஒரு நாள் ஆபரேட்டர் பக்கத்தில் நின்று அவரிடம் பேச்சுக் கொடுத்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

ப்ராஜெக்ட் கதை இன்னும் மோசம். அது ப்ராஜெக்ட் சென்டரில் நாலைந்து பேர் காசு போட்டு வாங்கியது என்பது எங்களுக்கும் தெரியும், அதைத் தோண்டுவதில்லை. காற்றழுத்தத்தில் இயங்கும் ஆட்டோமேட்டிக் நியூமேட்டிக் பம்பர் வருஷம் தவறாமல் வரும். எதிரே ஏதாவது வந்தால் சென்சார் கண்டுபிடிக்கும், பிரேக் பிடிக்கும், பம்பர் முன்னால் நீளும். இதுவரை சொல்லிவிடுவார்கள். சிலிண்டர் போர் (உள்விட்டம்) எவ்வளவு, காற்றழுத்தம் எவ்வளவு, பம்பர் எவ்வளவு விசையோடு தள்ளும் என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட அங்கே ஆள் இல்லை, தனியாக மாட்டிக்கொள்வார்கள். போர் 40 மி.மீ. என்று வையுங்கள். பரப்பு ஏறக்குறைய 1,257 சதுர மி.மீ. அழுத்தம் 6 பார் என்றால் சதுர மி.மீ.க்கு 0.6 நியூட்டன். பெருக்கினால் 750 நியூட்டன் சொச்சம், சுமார் 75 கிலோ எடை அழுத்துகிற அளவு. ஹைட்ராலிக்ஸ் நியூமேட்டிக்ஸ் பேப்பரின் முதல் பாடத்தைத் தாண்டி இதில் எதுவும் இல்லை. வாங்கிய ப்ராஜெக்ட்டாகவே இருக்கட்டும், அதைப் பிரித்துப் போட்டு அளந்து பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாதா?

நேர்மாறாக ஒன்றும் சொல்ல வேண்டும். சேலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் ரெஸ்யூமில் ஸ்கில்ஸ் இரண்டே வரி. ஆட்டோகேட் 2டி, லேத். "லேத்தில் என்ன செய்வீங்க?" என்றோம். ஸ்டெப் டர்னிங்கும் டேப்பரும் (விட்டம் சீராகக் குறைந்துகொண்டே போகும்படி கடைவது) செய்திருப்பதாகச் சொன்னாள். 30-லிருந்து 20 மி.மீ.க்கு, 50 மி.மீ. நீளத்தில் டேப்பர் வேண்டும், டூலைத் தாங்கும் காம்பவுண்டு ரெஸ்டை எவ்வளவு திருப்புவீர்கள் என்று புரொடக்‌ஷன்காரர் கேட்டார். பேனா வாங்கி எழுதினாள். விட்டங்களின் வித்தியாசம் 10, அதை நீளத்தின் இரு மடங்கான 100-ஆல் வகுத்தால் 0.1, டேன் 0.1-க்குரிய கோணம் 5.7 டிகிரி கிட்ட. "எங்க லேத்தில் டிகிரி கோடு அழிஞ்சுபோச்சு சார், ஒரு டேப்பரை வெட்டி அளந்து பாத்துத்தான் சரி பண்ணுவோம்" என்று தானாகவே சேர்த்துச் சொன்னாள். அதற்கு மேல் அவளிடம் என்ன கேட்பது?

ஆகவே ரெஸ்யூமைப் பிரிண்ட் எடுத்ததும் ஒரு பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி: இது என்ன, நான் இதை எங்கே செய்தேன், இதைத் தப்பாகச் செய்தால் என்ன ஆகும். மூன்றாவதற்குப் பதில் வராத வரியை அடித்துவிடுங்கள். பாதிப் பக்கம் காலியானாலும் பரவாயில்லை.

தெரியாததைச் சுற்றி வளைப்பது

"தெரியாது சார்." அவ்வளவுதான்.

5எஸ் ஒப்பிப்பது

5எஸ் என்பது வேலையிடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் முறை. செய்ரி, செய்டன், செய்சோ என்று ஐந்து ஜப்பானியச் சொல்லும் மழைபோல வரும். "உங்க காலேஜ் வொர்க்‌ஷாப்பில் இதில் எது இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். ஸ்பேனர் எல்லாம் ஒரே டிரம்மில் கிடக்கும், தேடி எடுப்பதற்குள் பீரியடே முடிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். ஜப்பானியச் சொல் ஒன்றுகூட அவருக்கு நினைவில்லை. முழு மார்க் அவருக்குத்தான்.

அரியரை மறைப்பது

மார்க்‌ஷீட் எங்கள் கையில்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் "ஓகே சார்"

ராத்திரி ஷிஃப்ட்? ஓகே சார். ஞாயிறு வேலை? ஓகே சார். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை? ஓகே சார். வேலையில் சேர்ந்து பத்து நாளில் ஆள் இருக்கமாட்டார், ஃபோனையும் எடுக்கமாட்டார். அவருக்காக நாங்கள் கழித்த இன்னொருவர் இதற்குள் வேறு எங்கோ சேர்ந்திருப்பார். ஷிஃப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மாறும், கம்பெனி பஸ் எந்தெந்த ஸ்டாப்பில் நிற்கும், தங்க இடம் உண்டா என்று நீங்களே கேளுங்கள். கேட்பதால் வேலை போகாது. கேட்கிறவர் நிற்கப்போகிறவர் என்றுதான் நினைப்போம்.

என்ன பெயரில் எடுக்கிறார்கள் என்று கேட்காமல் வருவது

இது எங்கள் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். "செலக்ட் ஆயிட்டீங்க" என்றதும் சந்தோஷத்தில் கிளம்பிவிடுகிறார்கள். கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, டிரெய்னியா, அப்ரன்டிஸா என்று கேட்பதே இல்லை. நாலும் வேறு வேறு.

1961-ஆம் வருஷத்து அப்ரன்டிஸ் சட்டப்படி அப்ரன்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்ல. கையில் வருவது சம்பளம் அல்ல, உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று பொதுவாகக் கட்டாயம் கிடையாது, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால்தான் உண்டு. அதற்காக அப்ரன்டிஸ் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு வருஷம் நல்ல பிளான்ட்டில் கற்றுக்கொண்டு சான்றிதழோடு வெளியே வந்தால் அடுத்த இன்டர்வியூவில் வெர்னியரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பதிவு முறையாக நடந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தென் மாநிலங்களில் பட்டம், டிப்ளமோ முடித்தவர்களின் அப்ரன்டிஸ் பயிற்சியைக் கவனிக்கும் மத்திய அரசு அலுவலகம் சென்னை தரமணியிலேயே இருக்கிறது.

சம்பளத்தில் வேலைக்கு எடுக்கிறார்கள் என்றால், சொல்கிற தொகை சிடிசியா (உங்களுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை), கைக்கு வருவதா என்று கேளுங்கள். சிடிசியில் பி.எஃப்.புக்குக் கம்பெனி போடுகிற பங்கையும் சேர்த்தே சொல்லுவார்கள். உங்கள் பங்காக வேறு, பி.எஃப். கணக்கிடும் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பார்கள். அதுபோக கேன்டீன், பஸ் பிடித்தம் இருக்கலாம். முதல் மாதச் சம்பளம் அக்கவுன்ட்டில் விழுந்த அன்று எச்.ஆர். வாசலில் வந்து நிற்பதைவிட இன்டர்வியூ மேசையிலேயே கேட்டுவிடுவது நல்லது. வாயால் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆஃபர் லெட்டர் வந்ததும் பதவியின் பெயரையும் தொகையையும் அதில் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டெபாசிட், யூனிஃபார்ம், டிரெயினிங் என்று நடுவில் ஒருவர் பணம் கேட்டால்

எழுந்து வந்துவிடுங்கள்.