நேரத்தை வாசிக்கும் முன் மணிக்கூட்டை விசாரியுங்கள்

கரண்ட் இல்லாதபோதும் நேரம் காக்கும் ஆர்டிசி சிப்புக்கு லினக்ஸில் ட்ரைவர் (சிப்போடு பேசும் நிரல்) எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நேரத்தை எப்படி எடுப்பது என்பதில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தச் சிப் இடையில் எங்காவது நின்றுபோனதா என்று அதனிடமே கேட்க வேண்டும்.

திருமலையில் கொட்பே துறைமுகப் பக்கம் உள்ள ஐஸ் அறைகளுக்கு வெப்பநிலை பதியும் பெட்டிகள் செய்து கொடுக்கிறேன். உள்ளே இருப்பது ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி. அதற்குச் சொந்த மணிக்கூடு கிடையாது, அதனால் டிஎஸ்3231 என்ற, சொந்தப் பற்றரியுள்ள ஆர்டிசி சிப் ஒன்றை ஐ2சி வயரில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பித் தொடர்பு) மாட்டுகிறேன். பெட்டிக்கு இணையமும் இல்லை. கரண்ட் போய் வந்தால் நேரம் சொல்ல இந்தச் சிப்பை விட்டால் வேறு ஆள் இல்லை. ஆனால் எங்கள் உப்புக்காற்று பற்றரியைப் பிடிக்கும் தகட்டில் துரு ஏற்றிவிடும். தொடுப்பு விட்டிருக்கும் நேரத்தில் கரண்டும் போனால், சிப் மறுபடி எழும்போது 2000 ஜனவரி 1 என்று சொல்லும். அதை ட்ரைவர் அப்படியே மேலே அனுப்பினால், மீன் எத்தனை மணிநேரம் குளிரில்லாமல் கிடந்தது என்ற கணக்கே பொய்யாகிவிடும். அந்த மீனைச் சாப்பிடப்போவது மனிதர்கள்.

ஐ2சி வயரில் டிஎஸ்3231இன் முகவரி பதினறும எண்ணில் 68. அதன் ரெஜிஸ்டர்களில் (சிப்பின் உள்ளே எண்ணிட்ட சிறு நினைவிடங்கள்) 15ஆம் எண்ணுள்ளது சிப்பின் நிலையைச் சொல்வது. அதில் 7ஆவது பிட், ஓஎஸ்எஃப் (ஆசிலேட்டர் ஸ்டாப் ஃபிளாக்), நேரத்தை ஓட்டும் அலையியற்றி நின்றிருந்தால் 1 ஆகும். நாம் அழிக்கும்வரை 1 ஆகவே இருக்கும். உங்கள் ட்ரைவரில் நேரத்தை வாசிக்கும் ரீட் டைம் செயற்கூறு முதலில் இதை வாசிக்கட்டும். 1 என்றால் அங்கேயே மைனஸ் ஈஇன்வால் என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஏதோ ஒரு தேதியைப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். பிழை வந்தால் லினக்ஸின் மையமான கேர்னல் அந்த நேரத்தைக் கணினி நேரமாக எடுக்காது. மேலே உள்ள நிரலும் ‘நேரம் தெரியாது’ என்று குறித்துக்கொண்டு வெப்பநிலையைத் தொடர்ந்து பதியலாம்.

பிட் 0 என்றால் சரி, இனி நேரத்தை எடுக்கலாம். 0 முதல் 6 வரையான ஏழு ரெஜிஸ்டர்களையும் ரெஜ்மேப் பல்க் ரீட் என்ற கேர்னல் செயற்கூறு கொண்டு ஒரே மூச்சில் வாசியுங்கள். ஒவ்வொன்றாக வாசித்தால் என்ன ஆகும்? மணி 10:59:59. நீங்கள் விநாடியை வாசிக்கிறீர்கள், 59. அடுத்த கணம் மணி 11:00:00 ஆகிறது. பிறகு நிமிடத்தை வாசித்தால் 00, மணியை வாசித்தால் 11. கைக்கு வருவது 11:00:59, கிட்டத்தட்ட ஒரு நிமிடம் முன்னே. ஒவ்வொரு ஐ2சி ஸ்டார்ட்டின்போதும் சிப் தன் நேரத்தை ஒரு தனி இடத்தில் நகலெடுத்து வைக்கிறது. ஒரே தொடராக வாசித்தால் அந்த ஒரு கணத்தின் நேரம் முழுதாக வரும்.

வந்த எண்கள் பிசிடி வடிவில், அதாவது ஒவ்வொரு தசம இலக்கமும் தனித்தனி நான்கு பிட்டில் இருக்கும். 59 விநாடியை அப்படியே எடுத்தால் 89 என்று தெரியும், அதனால் பிசிடி டூ பின் மேக்ரோவால் மாற்றுங்கள். மாத ரெஜிஸ்டரின் 7ஆவது பிட் நூற்றாண்டுக்கானது, அதை முதலில் நீக்குங்கள். லினக்ஸில் மாதம் 0இல் தொடங்குகிறது. ஆண்டு 1900இலிருந்து எண்ணப்படுகிறது, எனவே 2000க்குப் பிந்திய ஆண்டுகளுக்கு 100 கூட்டுங்கள். மணி ரெஜிஸ்டரின் 6ஆவது பிட் 1 என்றால் சிப் 12 மணிநேர முறையில் ஓடுகிறது, அதையும் கவனிக்க வேண்டும்.

நேரம் வைக்கும் செயற்கூற்றில் வரிசை முக்கியம். முதலில் நேரத்தை எழுதுங்கள், அது வெற்றி என்றால் மட்டும் ஓஎஸ்எஃப் பிட்டை அழியுங்கள். மாற்றிச் செய்தால், இடையில் நேரத்தை எழுதுவது தவறும்போது பொய் நேரத்துக்கு நற்சான்று கொடுத்ததாகிவிடும். சிப்பில் உள்ளூர் நேரத்தை அல்ல, உலகப் பொது நேரமான யூடிசியையே வையுங்கள். இலங்கை, யூடிசியை விட முன்னே நிற்கும் மணிக்கணக்கில், 1996இல் ஐந்தரையிலிருந்து ஆறரைக்கும், அதே ஆண்டில் ஆறுக்கும் மாறி, 2006இல் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தக் கணக்கெல்லாம் மேலே உள்ள நிரல்களின் பாடு.

டிஎஸ்3231க்கு லினக்ஸிலேயே ட்ரைவர் இருக்கிறது, ஆர்டிசி டிஎஸ்1307 என்ற கோப்பில். வேறு சிப்புக்கு எழுதுகிறவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டு, தங்கள் சிப்பின் தரவுத்தாளில் இதேபோன்ற ‘நின்றுபோனேன்’ பிட் எது என்று தேடுங்கள்.

எழுதி முடிந்ததும் கரண்டையும் பற்றரியையும் சேர்த்துக் கழற்றிவிட்டு, சற்றுப் பொறுத்து மாட்டி, சிப்பின் நேரத்தைக் காட்டும் ஹெச்டபிள்யூகிளாக் கட்டளையைக் கொடுங்கள். பிழைதான் வர வேண்டும். தேதி வந்தால் ட்ரைவரைத் திருத்துங்கள். அப்புறம் நேரத்தை வைத்து, பற்றரியை விட்டுவிட்டு கரண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். இப்போது சரியான நேரம் வந்தால் பெட்டியை மூடலாம்.