எல்.இ.டி.யும் சுடும்: நுண்ணோக்கி விளக்கை மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

நுண்ணோக்கியின் ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடுகிறவர்களிடம் காரணம் கேட்டால், "இது சுடாது" என்பார்கள். பாதிதான் உண்மை. ஹாலஜன் தன் வெப்பத்தின் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக ஒளியோடு சேர்த்தே வீசிவிடும். கண்ணாடித் தகட்டில் இருக்கும் உயிரி வாடினாலும் பல்புக்கு ஒன்றும் ஆகாது. அது சூட்டிலேயே வேலை செய்யப் பிறந்தது. வெள்ளை எல்.இ.டி. இதற்கு நேர் எதிர். அதன் ஒளி குளிர்ச்சிதான். ஆனால் கொடுக்கிற மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகி, ஒளி தரும் சில்லின் (சிப்) முதுகுப்பக்கம் தேங்கி நிற்கும். அது தானாக வெளியேறாது. உலோகத்தைத் தொட்டு, அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

வாங்கும்போதே முதல் தவறு நடந்துவிடுகிறது. 100 வாட் ஹாலஜன் இருந்த இடத்துக்கு 30 வாட், 50 வாட் என்று பல சில்லுகள் பரவிய பெரிய எல்.இ.டி.யைத் தேடுகிறார்கள். நுண்ணோக்கிக்குத் தேவை மொத்த வெளிச்சம் அல்ல, சிறிய பரப்பிலிருந்து வரும் அடர்ந்த வெளிச்சம். ஹாலஜன் இழை சில மில்லிமீட்டர்தான். அதைவிட மிகப் பெரிய பரப்பிலிருந்து வரும் ஒளியில் பெரும்பகுதி, மாதிரியின்மேல் ஒளியைக் குவிக்கும் லென்ஸான கண்டன்சருக்குள் நுழையவே முடியாது. ஆனால் அதற்கான வெப்பம் மட்டும் முழுசாக விளக்குக் கூட்டில் சேரும். வெளிச்சமான பின்னணியில் மாதிரியைப் பார்க்கும் சாதாரண பிரகாசப் புலப் பார்வைக்கு 3 வாட் ஒற்றைச் சில்லு பெரும்பாலும் போதும்.

"3 வாட்தானே, ஹீட் சிங்க் எதற்கு?" என்பது அடுத்தது. நட்சத்திர வடிவ அலுமினியத் தகட்டில் ஒட்டி வருகிறதே, அது வெப்பத்தைப் பரப்பத்தான். காற்றில் விடுவதற்குத் துடுப்புகள் கொண்ட உலோகம் வேண்டும். அதுதான் ஹீட் சிங்க். ஒரு கணக்கு: ஹீட் சிங்கில் வாட்டுக்கு 10 டிகிரி என்று போட்டிருந்து, சற்றுப் பெரிய எல்.இ.டி.யிலிருந்து 5 வாட் வெப்பம் அதில் இறங்கினால், சுற்றியுள்ள காற்றைவிட அது 50 டிகிரி ஏறும். காற்று 30 என்றால் 80. சில்லு அதைவிடவும் சூடு. அதிலும் அந்த எண் திறந்த காற்றுக்கானது. மூடிய கூட்டுக்குள் காற்றே சூடாகிவிடும். முடிந்தால் ஹீட் சிங்கைக் கூட்டின் உலோகச் சுவரோடு திருகி இறுக்குங்கள். நுண்ணோக்கியின் உடம்பே பெரிய ஹீட் சிங்க் ஆகிவிடும்.

முப்பரிமாண அச்சில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கால் தாங்கி செய்து அதில் எல்.இ.டி.யைப் பொருத்துவதும் வழக்கமாகிவிட்டது. பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரியிலேயே இளகும். மையம் பார்த்து வைத்த விளக்கு மெல்லச் சரியும், நீங்கள் லென்ஸைச் சந்தேகப்படுவீர்கள்.

எல்.இ.டி. தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட்டை வெண்ணெய் போலத் தடவக் கூடாது. உலோகங்களுக்கு இடையே உள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்பினால் போதும். சூப்பர் குளூவால் ஒட்டுவதோ இன்னும் மோசம்: அதன் ஆவி எல்.இ.டி.யின் சிலிக்கோன் குமிழுக்குள் ஊடுருவி நிறம் மாற்றிவிடும்.

அப்புறம் மின்சாரம். எல்.இ.டி. சூடாக ஆக அதன் மின்னழுத்தத் தேவை குறையும். மின்னழுத்தத்தை மட்டும் நிலையாக வைக்கும் பவர் சப்ளையில் நேராகக் கோத்தால், சூட்டோடு மின்னோட்டம் ஏறும், அதனால் சூடு மேலும் ஏறும். மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் டிரைவர் என்ற மின்சுற்றுதான் சரி. அதையும் எல்.இ.டி.க்குப் பக்கத்தில் திணிக்காதீர்கள். அதன் மின்தேக்கிகளுக்குச் சூடு ஆகாது.

சின்ன விசிறி வைக்கலாமா? எனக்கு இஷ்டமில்லை. 100 மடங்கு ஆப்ஜெக்டிவில் (மாதிரிக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸ்) அதன் அதிர்வு படத்தில் தெரியும்.

கடைசியாக, சோதனை. மூடியைத் திறந்து வைத்து 5 நிமிடம் பார்ப்பது சோதனையே இல்லை. கூட்டை மூடி, முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஹீட் சிங்கைத் தொட்டுப் பாருங்கள். விரலை ஓரிரு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லையென்றால் அது 60 டிகிரியை நெருங்கிவிட்டது. அப்போது டிரைவரின் உச்சத்தை 1000 மில்லி ஆம்பியரிலிருந்து 700-க்குக் குறைத்துப் பாருங்கள். வெப்பம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும்; வெளிச்சம் குறைந்தது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.