ஹுவான் கார்லோஸ் 1: ஈரூடகத் தாக்குதல் கப்பலை பிளெண்டரில் உருவாக்குவது எப்படி

பிளெண்டர் என்ற முப்பரிமாண மாடலிங் மென்பொருளில் சாதாரணப் போர்க்கப்பலை மாடல் செய்யும்போது வெளி உடலில் தொடங்கி உள்ளே போகலாம். கடலிலிருந்து படைகளைக் கரையிறக்கும் ஈரூடகத் தாக்குதல் கப்பலில் அது சரிவராது. தரையிறங்கு படகுகள் மிதந்து வெளியேறும் வெல் டெக் இதன் பின்பாதிக்குள் இருக்கிறது. கப்பலின் உருவத்தையே அந்த வெற்றிடம்தான் தீர்மானிக்கிறது. எனவே முதலில் வெற்றிடம், அதன்பிறகு அதைச் சுற்றி உடல்.

ஸ்பெயின் கடற்படையில் 2010-இல் சேர்ந்த ஹுவான் கார்லோஸ் 1 கற்றுக்கொள்ள ஏற்ற கப்பல். ஆஸ்திரேலியாவின் கான்பெரா, அடிலெய்ட், துருக்கியின் அனடோலு ஆகியவை இதே வடிவமைப்பில் பிறந்தவை என்பதால், ஒரு மாடலின் அடிப்படை நான்குக்கும் உதவும்.

முதலில் அளவுகள். நீளம் 231 மீ, அகலம் 32 மீ, நீரில் அமிழும் ஆழம் 6.9 மீ, முழுச்சுமையில் எடை சுமார் 27,000 டன். பறப்புத் தளம் 202 மீ. மொத்த நீளமும் தள நீளமும் ஒன்றல்ல. தளத்தை 231 மீட்டருக்கு இழுத்துவிட்டால் அதன்மேல் வரும் எல்லாமே தப்பாகும். பிளெண்டரில் ஒரு யூனிட் ஒரு மீட்டர் என்றே வையுங்கள். வியூபோர்ட்டில் (மாடலைப் பார்க்கும் சாளரம்) எவ்வளவு தூரம் முதல் எவ்வளவு தூரம் வரை தெரியும் என்பதைக் குறிக்கும் கிளிப் ஸ்டார்ட் 1, எண்ட் 5000 என மாற்றுங்கள். ஸ்டார்ட் 0.01-இலேயே இருந்தால் ஆழக் கணக்கின் துல்லியம் போதாமல், தூரத்திலிருந்து பார்க்கையில் தளக் கோடுகள் மினுக்கும்.

வெல் டெக் 69.3 மீ நீளம், 16.8 மீ அகலம். அந்த அளவில் ஒரு பெட்டி போட்டு, உள்ளே 23.3 x 6.4 மீ அளவில் நான்கு பெட்டிகளை இரண்டிரண்டாக வையுங்கள். இவை எல்சிஎம்-1ஈ எனும் தரையிறங்கு படகுகள். நீளவாக்கில் 46.6 மீ, குறுக்கே 12.8 மீ பிடிக்கும். மிச்சம்தான் அவை நகர்வதற்கான இடம். இருபுறமும் 7.6 மீ அகலத்துக்கு உடல் மிஞ்சுவதைக் கவனியுங்கள். சுவரை மெல்லிய தகடாக வைத்து வெல் டெக்கை அகலப்படுத்திவிடுவது பலர் செய்யும் பிழை.

இனி உடல். 12 முதல் 15 குறுக்குவெட்டுகள் போதும். அணியத்தில் (கப்பலின் முன்பகுதி) 4-5 மீட்டருக்கு ஒன்று, நடுப்பகுதியில் 20 மீட்டருக்கு ஒன்று. எல்லா வெட்டிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் வெட்டுகளைப் பரப்பால் இணைக்கும் பிரிட்ஜ் செய்யும்போது பரப்பு முறுக்கிக்கொள்ளும். பாதி உடலை மட்டும் செய்து, மறுபாதியைத் தானே உருவாக்கும் மிரர் மாடிஃபையர் போடுங்கள், நடுக்கோட்டில் புள்ளிகள் ஒட்டி நிற்க அதன் கிளிப்பிங்கை ஆன் செய்யுங்கள். பரப்பை வழவழப்பாக்கும் சப்டிவிஷன் மாடிஃபையர் அதைச் சற்று உள்ளே இழுக்கும். ஆகவே மாடிஃபையருக்குப் பின் அகலம் 32 மீட்டருக்குக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் அவசியம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மாடிஃபையர்களை அப்ளை செய்த நகலை எடுத்து, நீர்மட்டத்துக்கு மேலே உள்ளதை வெட்டி, திறந்த பகுதியை மூடி, த்ரீடி பிரின்ட் டூல்பாக்ஸ் என்ற பிளெண்டர் ஆட்-ஆனில் கனஅளவைப் பாருங்கள். 27,000 டன்னைக் கடல்நீரின் அடர்த்தி 1.025-ஆல் வகுத்தால் சுமார் 26,300 கனமீட்டர். 231 x 32 x 6.9 என்ற முழுப்பெட்டி ஏறத்தாழ 51,000 கனமீட்டர். நிஜக் கப்பல் அதில் பாதிதான். உங்களுக்கு 32,000 வந்தால் அணியம் தடித்திருக்கிறது, அல்லது பின்புறத்தில் அடிப்பாகம் மேல்நோக்கி எழவில்லை. வெல் டெக்கை வெட்டுவதற்கு முன்பே இதை அளந்துவிடுங்கள். கண் ஏமாறும் பிழையை இந்த எண் பிடித்துவிடும்.

சரியென்றால் வெல் டெக் பெட்டியைப் பூலியன் கட்டராக, அதாவது உடலிலிருந்து தன் வடிவத்தை வெட்டியெடுக்கும் பொருளாகப் பயன்படுத்துங்கள். பின்சுவருக்கு வெளியே அரை மீட்டர் நீட்டியே வெட்டுங்கள். இரு பரப்புகளும் ஒரே மட்டத்தில் ஒட்டிக்கொண்டால் வாயில் மெல்லிய தோல் எஞ்சும். பின்கதவின் கீல் கீழ்விளிம்பில் இருக்கிறது. கதவைத் தனிப் பொருளாக்கி, அது சுழலும் மையமான ஆரிஜினை அங்கே வைத்தால் பிறகு அசைவூட்டுவது எளிது.

பறப்புத் தளத்தில் மிரரை நிறுத்திவிடுங்கள். கோபுரம் வலப்புறத்தில், விமானங்கள் மேலெழ உதவும் சரிவான ஸ்கீ ஜம்ப் அணியத்தின் இடப்பக்கத்தில், அதன் வலப்பக்கம் தட்டையாகவே தொடரும். சரிவின் இறுதிக் கோணம் 12 பாகை. ஒரு தட்டையை 12 பாகை சாய்த்து வைப்பதுதான் மிகப் பொதுவான தவறு. சரிவு பூஜ்யத்தில் தொடங்கி வளைந்து வளைந்து 12-ஐ எட்ட வேண்டும். வட்டவில்லாகக் கொண்டால் உயரம் = நீளம் x 0.105. எடுத்துக்காட்டாக 40 மீ நீளத்துக்கு 4.2 மீ. நேராகச் சாய்த்தால் அதே நீளத்துக்கு 8.5 மீ, அதாவது இரு மடங்கு; தொடக்கத்தில் ஒரு முறிவும் தெரியும்.

அடியில் சுக்கானோ நீண்ட உந்துதண்டோ கிடையாது. சுழலும் இரண்டு பாட்கள் (மோட்டார் உள்ள உந்துக்கூடுகள்), ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் ஒரு புரொப்பெல்லர். பழைய கப்பலின் பாகங்களை நகலெடுத்து ஒட்டுகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

தளக் கோடுகளுக்கு 8192 x 2048 பிக்சல் டெக்ஸ்சர் (பரப்பின் மேல் ஒட்டும் படம்) போதும். ஒரு பிக்சல் சுமார் 2.5 செ.மீ. சதுர டெக்ஸ்சர் எடுத்தால் பெரும்பகுதி வீண். பாதுகாப்பு வலைகள், உயிர்காப்பு மிதவைகள் போன்ற திரும்பத் திரும்ப வருபவற்றை ஆல்ட்-டி கொடுத்து இணைந்த நகல்களாகவே போடுங்கள். தளத்தில் 14.1 மீ நீள ஹாரியர் போர் விமானம் ஒன்றையும் 1.75 மீ மனித உருவம் ஒன்றையும் நிறுத்திப் பாருங்கள். அளவு தப்பிய கதவும் கைப்பிடியும் உடனே கண்ணில் படும்.

அச்சிடுவதானால் 1:350-இல் கப்பல் 66 செ.மீ. 4 செ.மீ. கைப்பிடிக் குழாய் அந்த அளவில் 0.11 மி.மீ. ஆகிவிடும்; ரெசினிலும் நிற்காது. 0.3 மி.மீ. தடிமன் கிடைக்க, அச்சுக்கான தனிக் கோப்பில் குழாயை 10.5 செ.மீ. ஆக்குங்கள். திரைக்கான கோப்பில் 4 செ.மீ. அப்படியே இருக்கட்டும்.